தலைச்சூலும் முறைக்காய்ச்சலும்

மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையை ஒட்டிய ஊர்களில் பிறக்கும் பெண்குழந்தை, பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் பலமுறை மலேரியாவில் விழுந்து எழுந்துவிடும். அந்த வயதைக் கடந்து பிழைத்தவர்களின் உடல் நோயோடு ஒருவிதச் சமாதானத்துக்கு வந்துவிடுகிறது. ரத்தத்தில் ஒட்டுண்ணி அவ்வப்போது இருக்கும். ஆனால் நடுக்கும் காய்ச்சல் அரிது, உயிரைப் பறிக்கும் மலேரியா அதனினும் அரிது. அவள் முதன்முறை கருவுறும்போது இந்தச் சமாதானம் குலைகிறது. ஒட்டுண்ணிகள் மறுபடி பெருகுகின்றன, ரத்தசோகை கூடுகிறது, பிறக்கும் பிள்ளையின் எடை குறைகிறது, சில வேளை பிள்ளை தங்குவதே இல்லை. இரண்டாம் கர்ப்பத்தில் சேதம் குறைவு. மூன்றாவது, நான்காவது கர்ப்பங்களில் அவளுக்கும் கருவுறாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெருமளவு சுருங்கிவிடுகிறது. தலைப்பிரசவத்தை மட்டும் குறிவைத்துத் தாக்குவதுபோல் தோன்றும் இந்த வரிசையை, மலேரியா ஓயாமல் பரவும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றிலும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். கர்ப்பகால மலேரியாவுக்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும், முதலில் இந்த வரிசைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த பதில் எளிமையானது: கர்ப்பத்தில் பெண்ணின் நோயெதிர்ப்பு தளர்கிறது, அந்த இடைவெளியில் மலேரியா நுழைகிறது. இந்தப் பதிலுக்கு மதிப்புமிக்க பின்புலமும் இருந்தது. கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. அப்படியானால் தாயின் உடல் அதை அந்நிய உறுப்பைப்போல் ஏன் வெளியே தள்ளுவதில்லை என்று பீட்டர் மெடவார் 1953இல் கேட்டார். அவர் முன்வைத்த சாத்தியங்களில் ஒன்று, தாயின் எதிர்ப்பாற்றல் மந்தப்படுகிறது என்பது. கர்ப்பத்தில் கார்ட்டிசால் சுரப்பு உயர்வது இந்த எண்ணத்துக்குத் துணை சேர்த்தது. இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் தலையாய கேள்வியில் இந்த விளக்கம் இடறிவிடுகிறது. கார்ட்டிசால் முதல் கர்ப்பத்தில் மட்டும் உயர்வதில்லை. ஐந்தாவது கருவும் பாதி அந்நியம்தான். பொதுவான தளர்ச்சிதான் காரணமென்றால் ஐந்தாம் கர்ப்பமும் முதலாவதைப்போலவே அடிபட வேண்டும். அப்படி நடப்பதில்லை. எனவே கர்ப்பிணியின் உடலில் எது தளர்ந்தது என்று தேடுவதைவிட, எது புதிதாக முளைத்தது என்று பார்ப்பதே சரியான வழி. நஞ்சுக்கொடி என்னும் உறுப்பு உருவாகும்போது, ஒட்டுண்ணிக்கு அதுவரை இல்லாத ஓர் இருப்பிடம் கிடைக்கிறது. அந்த இருப்பிடத்தைக் காக்கும் பாடத்தை உடல் முதல் கர்ப்பத்தில்தான் படிக்கத் தொடங்குகிறது.

நஞ்சுக்கொடியின் மீது சந்தேகம் விழுந்தது நேற்று இன்றல்ல. பனாமாக் கால்வாய்ப் பகுதியில் பணியாற்றிய ஹெர்பர்ட் கிளார்க் 1915இலேயே, நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது மலேரியாவைக் கண்டுபிடிக்க உதவும் என்று எழுதினார். தாயின் விரல்நுனி ரத்தத்தில் தேடிக் களைத்த ஒட்டுண்ணி, நஞ்சுக்கொடி ரத்தத்தில் திரளாக இருந்தது. சியரா லியோனின் ஃப்ரீடவுனில் பிளாக்லாக்கும் கார்டனும் 1925இல் இதே திசையில் சான்று சேர்த்தார்கள். பின்னர் காம்பியாவில் இயன் மெக்ரெகர் 6000க்கும் மேற்பட்ட நஞ்சுக்கொடிகளைச் சோதித்து 1983இல் முடிவுகளை வெளியிட்டார்: ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் தொற்று இருந்தது, தொற்றிருந்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 170 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறந்தார்கள். 170 கிராம் என்பது கேட்க அற்பமாக இருக்கலாம். இரண்டரைக் கிலோ என்ற எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் குழந்தைக்கு அது முதல் ஆண்டைத் தாண்டுமா என்பதையே மாற்றக்கூடிய அளவு. தமிழில் இந்த உறுப்புக்கு நஞ்சு என்ற பெயர் எப்படி வந்ததோ தெரியாது. பிள்ளை வெளியே வந்தபின் உள்ளேயே தங்கினால் தாயைக் கொல்லும் என்ற அச்சத்திலிருந்து வந்திருக்கலாம். பிரசவத்துக்குப் பல மாதங்கள் முன்பே அது ஆபத்தின் இருப்பிடமாகிவிடக்கூடும் என்பது அந்தப் பெயரை இட்டவர்கள் அறியாத செய்தி.

ஒட்டுண்ணி ஏன் அங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஃபால்சிபாரம் வகை மலேரியாவின் ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒட்டுண்ணி குடியேறிய சிவப்பணு விறைத்துப் போகிறது. அப்படிப்பட்ட அணுக்களைப் பிடித்து அழிக்கும் சல்லடை மண்ணீரல். அந்தப் பக்கமே போகாமல் இருப்பதற்காக, ஒட்டுண்ணி தான் இருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு பசைப் புரதத்தை நீட்டி, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. இந்தப் புரதத்துக்கு ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுப்பில் சுமார் 60 மாற்று வடிவங்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது அணிந்துகொள்ளும். குழந்தைப் பருவத்தில் உடல் படும் பாடெல்லாம் இந்த வேடங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பொருள் செய்துவைப்பதற்கே. இருபது வயதுப் பெண்ணின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்களின் பெரிய கிட்டங்கியே இருக்கும். ஒரே ஒரு வேடத்துக்கு மட்டும் அதில் சரக்கு இருப்பதில்லை. அதைப் பார்க்கும் சந்தர்ப்பமே அவளுக்கு வாய்த்ததில்லை.

1996இல் மிக்கல் ஃபிரீடும் பாட்ரிக் டஃபியும் கென்யாவில் செய்த ஆய்வு இந்த இடத்தில்தான் திருப்புமுனையானது. நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ஒட்டுண்ணி அணுக்கள் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டின. கருவுறாதவர்களிடமிருந்து எடுத்தவை அதில் ஒட்டவில்லை, சிடி36 என்ற வேறொரு மூலக்கூறில்தான் ஒட்டின. இரண்டும் வெவ்வேறு நடத்தை கொண்ட கூட்டங்கள். நஞ்சுக்கொடியின் விரல்போன்ற நுண்மடிப்புகளைத் தாயின் ரத்தம் நேரடியாக நனைத்துச் செல்கிறது. அந்த மடிப்புகளின் மேற்பரப்பில் இந்தச் சங்கிலி ஏராளம். 2003இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த அலி சலான்தியின் குழு, இதில் ஒட்டும் வேடம் எது என்று அடையாளம் காட்டியது. வார்2சிஎஸ்ஏ என்று பெயர். ஆணின் உடலிலோ குழந்தையின் உடலிலோ இந்த வேடம் அணிந்த ஒட்டுண்ணிக்கு ஒட்ட இடம் இல்லாததால் மண்ணீரலில் சிக்கி ஒழியும். கர்ப்பிணியின் உடலில் அதற்கே மவுசு. (புற்றுநோய்க் கட்டிகள் பலவும் நஞ்சுக்கொடியின் இதே சங்கிலியை மேற்பரப்பில் காட்டுகின்றன என்று சலான்தி 2015இல் கண்டார். மலேரியாப் புரதத்தைக் கொண்டு புற்றுநோயைத் தாக்க முடியுமா என்ற ஆய்வு அப்படித்தான் பிறந்தது. அது தனிக் கதை.)

ஒட்டும் இடத்தைக் கண்டது பாதி விளக்கம்; பாடம் படிக்கப்படுகிறது என்பதைக் காட்டுவது மறுபாதி. ஃபிரீடும் டஃபியும் மற்றவர்களோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு அதைச் செய்தது. பலமுறை கருவுற்ற பெண்களின் ரத்தநீர், நஞ்சுக்கொடி ஒட்டுண்ணிகள் ஒட்டுவதைத் தடுத்தது. ஆண்களின் ரத்தநீருக்கும் முதல்முறை கருவுற்றவர்களின் ரத்தநீருக்கும் அந்த ஆற்றல் இல்லை. கென்யா, மலாவி, தாய்லாந்து ஆகிய மூன்று நாட்டுத் தாய்மாரின் ரத்தநீரும் வேற்று நாட்டு ஒட்டுண்ணிகள்மீதுகூட வேலை செய்தது இன்னும் வியப்பு. கேமரூனின் யாவுண்டேயில் நடந்த ஆய்வு காலக்கணக்கைச் சேர்த்தது: பலமுறை கருவுற்றவர்களிடம் இந்த எதிர்ப்பொருள் 12ஆம் வார வாக்கிலேயே தலைகாட்டியது, தலைச்சூலியிடம் 20ஆம் வாரத்துக்குப் பிறகே. எச்.ஐ.வி. தொற்று இதைத் தலைகீழாக நின்று உறுதிப்படுத்துகிறது. எச்.ஐ.வி. உள்ள தாய்மார் நான்காம் கர்ப்பத்திலும் தலைச்சூலியைப் போலவே மலேரியாவுக்கு ஆளாகிறார்கள். படித்த பாடத்தை அந்த வைரஸ் அழித்துவிடுகிறது. கர்ப்பம் எல்லோருடைய எதிர்ப்பையும் ஒரேபோல் தளர்த்துகிறதென்றால், எச்.ஐ.வி. அழிப்பதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்திருக்கும்?

கர்ப்பத்தின் எந்த வாரங்களில் தொற்று உச்சத்தைத் தொடுகிறது என்பதும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. ஆப்பிரிக்கத் தரவுகளை 1983இல் தொகுத்த பெர்னார்ட் பிராபின், தலைச்சூலிகளிடம் 13 முதல் 16ஆம் வாரம்வரை தொற்று மிகுந்தும் அதன்பின் குறைந்தும் செல்வதைச் சுட்டிக்காட்டினார். தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியின் இடைவெளிகளில் தாராளமாகப் பாயத் தொடங்குவது 10 முதல் 12 வாரங்களில். இடம் தயாரானதும் ஒட்டுண்ணி வருகிறது. எதிர்ப்பொருள் தயாரானதும் ஒதுங்குகிறது. பொதுத் தளர்ச்சிதான் காரணம் என்றால், கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகும் கடைசி மாதங்களில்தான் நோயும் உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதற்கு எதிராக வலுவான சான்றுகளும் உண்டு. அவற்றில் எனக்கு மிகச் சங்கடமானது செனகலிலிருந்து வந்தது. ஒரே பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் கவனித்த டியான்யும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட கணக்கின்படி, மலேரியா அபாயம் உச்சத்தில் இருந்தது கர்ப்பத்தில்கூட இல்லை. பிரசவத்துக்குப் பிந்திய 60 நாட்களில். ஏறத்தாழ நான்கு மடங்கு. நஞ்சுக்கொடி வெளியே வந்தபின்பும் ஆபத்து நீடித்தால் நஞ்சுக்கொடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இதற்கு வசதியான பதில் எதுவும் என்னிடம் இல்லை. கர்ப்பத்தின் ஹார்மோன் மாற்றங்களும் நோயெதிர்ப்பின் போக்குமாற்றமும் பெண்ணை ஓரளவு பாதிக்கின்றன, பிள்ளை பிறந்த உடனே அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை. ஆனால் இந்தச் சலுகை வாதத்தின் எல்லையைக் குறுக்குகிறதே தவிர அதன் மையத்தைத் தொடவில்லை. எல்லாக் கர்ப்பங்களுக்கும் பொதுவான ஒரு மெல்லிய தளர்ச்சி இருக்கிறது. அதன்மேல், கர்ப்ப வரிசைக்கேற்ப மாறும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பின்னதை முன்னது விளக்காது.

காம்பியாவிலிருந்து வந்த இன்னொரு மறுப்பு வேறு வகை. ஸ்டீவ் லிண்ட்சேயின் குழு 2000இல் காட்டியபடி, கர்ப்பிணிகளை நாடிவந்த அனாஃபிலிஸ் கொசுக்கள் மற்றப் பெண்களை நாடியவற்றைப்போல் இரு மடங்கு. கர்ப்பிணிகள் வெளியிடும் மூச்சுக்காற்று 21 விழுக்காடு அதிகம். வயிற்றுப் பகுதியின் சூடு 0.7 டிகிரி கூடுதல். இரவில் சிறுநீர் கழிக்கக் கொசுவலையை விட்டு எழுந்துபோகும் தடவைகளும் இரட்டிப்பு. அப்படியானால் ஆபத்துக்குக் காரணம் கூடுதல் கொசுக்கடிதானா? கடி கூடுவது உண்மை, அதைக் குறைப்பது அவசியம். வலைக்கு வெளியே கழிக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி யோசிக்காத கொசுவலைத் திட்டம் அரைகுறையானதே. ஆனால் கொசு தலைப்பிரசவக்காரியையும் நான்காம் பிரசவக்காரியையும் வேறுபடுத்திக் கடிப்பதில்லை. மூச்சும் சூடும் எல்லாக் கர்ப்பத்திலும் ஒன்றே.

மூன்றாவது மறுப்பு புவியியல் சார்ந்தது, நமக்கு நெருக்கமானதும்கூட. தாய்லாந்து–மியான்மர் எல்லை போன்ற, மலேரியா குறைவாகப் பரவும் பகுதிகளில் முதல் கர்ப்பம், நான்காம் கர்ப்பம் என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. எல்லாக் கர்ப்பிணிகளுமே கடுமையாக நோய்ப்படுகிறார்கள், இறக்கவும் செய்கிறார்கள். 1934–35இல் இலங்கையில் பரவிய கொள்ளைநோய் இதன் கொடிய வடிவம். பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது கியூலிசிஃபேசிஸ் வகைக் கொசு பெருகியது. சுமார் 80,000 பேர் மாண்டார்கள். மலேரியா ஆண்டாண்டாக இருந்துவந்த வறண்ட பகுதிகளைவிட, அதை அதிகம் அறியாத கேகாலை, குருநாகல் பக்கங்களிலேயே சாவு மிகுதி. கொழும்பில் மகப்பேறு மருத்துவராக இருந்த விக்கிரமசூரிய, அந்த நாட்களில் கர்ப்பிணிகள் பட்ட பாட்டை, தாய்மரணத்தையும் கருச்சிதைவையும், பதிவு செய்து 1937இல் நூலாகவும் தந்தார். இந்தச் சான்று என் வாதத்தை உடைப்பதாகத் தோன்றலாம். எனக்கு அது துணையாகவே படுகிறது. தலைச்சூலிக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தோன்ற வேண்டுமென்றால், முந்தைய கர்ப்பங்களில் யாராவது பாடம் படித்திருக்க வேண்டும். ஒட்டுண்ணியையே பார்த்திராத ஊரில் ஐந்தாம் கர்ப்பமும் முதல் கர்ப்பமே.

வைவாக்ஸ் வகை மலேரியா இன்னும் சிக்கலான சாட்சி. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் ஸ்டீஃபென்சி கொசு பரப்பியது பெரும்பாலும் இந்த வகையைத்தான். இதற்கு வார்2சிஎஸ்ஏ போன்ற புரதம் கிடையாது. நஞ்சுக்கொடியில் திரள்வதும் ஃபால்சிபாரம் அளவுக்கு இல்லை. அப்படியிருந்தும் தாய்லாந்து எல்லையில் நோஸ்தெனின் குழு 1999இல் கணக்கிட்டபடி, இது பிறப்பு எடையைச் சுமார் 100 கிராம் குறைக்கிறது. அந்தக் குறைவு தலைப்பிரசவங்களில் அல்ல, பல பிரசவம் கண்டவர்களிடமே அதிகம். நஞ்சுக்கொடியில் ஒட்டாமலும் கெடுதல் செய்ய முடியும் என்றால், காய்ச்சல், ரத்தசோகை, அழற்சி ஆகியவற்றின் வழியாகவும் கருவைத் தொட முடியும் என்று பொருள். அதே எல்லைப்பகுதியில், முதல் மூன்று மாதங்களில் ஒரே ஒரு முறை வந்த மலேரியாவும் கருச்சிதைவு வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்தியது தெரிந்திருக்கிறது. அப்போது நஞ்சுக்கொடியின் ரத்தவோட்டமே முழுமை பெற்றிருக்காது. ஆகவே நான் முன்வைக்கும் விளக்கம் கர்ப்பகால மலேரியா முழுவதற்கும் பொருந்தாது. ஃபால்சிபாரம் ஓயாமல் பரவும் ஊர்களில் தலைப்பிரசவம் ஏன் தனித்துத் தாக்கப்படுகிறது என்பதற்கே அது பொருந்தும். ஆனால் உலகில் இந்தச் சுமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மை ஆண்டு மதிப்பீடுகளில், ஆப்பிரிக்கப் பகுதியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒன்று, மலேரியாத் தொற்றுக்கு ஆளாகின்றன.

எந்த விளக்கத்தை நம்புகிறோம் என்பது சிகிச்சையிலும் எதிரொலிக்கிறது. கர்ப்பிணியை வெறுமனே பலவீனமானவளாகப் பார்த்த மருத்துவம், மருந்துச் சோதனைகளிலிருந்து அவளைத் தள்ளிவைத்தது. விலங்குக் கருக்களில் ஆர்ட்டிமிசினின் மருந்துகள் கேடு செய்தன என்பதால், முதல் மூன்று மாதங்களில் நீண்ட காலம் குயினினையே கொடுத்தார்கள். குமட்டலும் காதிரைச்சலும் தாங்காமல் ஏழு நாள் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். ஆர்ட்டிமெதர்–லூமெஃபான்ட்ரின் கூட்டு மருந்தை அந்த மாதங்களிலும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2022இல்தான். அந்த முடிவுக்கு ஆதாரமான தரவில் பெரும்பகுதி, கருவுற்றிருப்பது தெரியாமலேயே மருந்தை விழுங்கிய பெண்களிடமிருந்து கிடைத்தது என்பது நெருடலான உண்மை. நோயறிதலிலும் இதே கதை. விரல்நுனி ரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லை என்ற முடிவு, நஞ்சுக்கொடியில் இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. இதனாலேயே ஆப்பிரிக்காவில், நோய் இருக்கிறதா என்று பாராமல், இரண்டாம் மும்மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை என்ற கணக்கில் குறைந்தது மூன்று தடவை சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் தருகிறார்கள். பரவல் குறைந்த இந்தியாவில் அந்த முறை நடைமுறையில் இல்லை.

இந்தத் தடுப்பு மருந்து ஒரு புதிரையும் தந்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒட்டுண்ணிகள் இதற்குப் பெரிதும் பழகிவிட்டதால், அதைவிட ஆற்றல்மிக்க டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்–பைப்பராகுயினைச் சோதித்துப் பார்த்தார்கள். மலேரியா குறைந்தது; ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடை பழைய மருந்து எடுத்த தாய்மாரிடமே கூடுதலாக இருந்தது. மலேரியா அல்லாத பிற தொற்றுகளையும் சல்ஃபா மருந்து அடக்குவதால் இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். பிறப்பு எடையை மலேரியாவின் அளவுகோலாக எடுத்துக்கொண்டவர்கள், நான் உட்பட, இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

விளக்கத்தின் உண்மையான உரைகல் தடுப்பூசி. தலைச்சூலிக்கு இல்லாதது ஒரே ஒரு புரதத்துக்கான எதிர்ப்பொருள் என்றால், அதை முன்கூட்டியே கொடுத்துவிடலாம் அல்லவா? வார்2சிஎஸ்ஏயின் ஒரு பகுதியைக் கொண்டு பிரிம்வாக், பாம்வாக் என்ற இரண்டு தடுப்பூசிகள் ஐரோப்பாவிலும் புர்க்கினா ஃபாசோ, பெனின் நாடுகளிலும் தொடக்கநிலைச் சோதனைக்கு வந்தன. பாதுகாப்பில் குறையில்லை, எதிர்ப்பொருளும் உருவானது; ஆனால் தடுப்பூசி செய்யப்பட்ட ஒட்டுண்ணி வகையை எதிர்த்த அளவுக்கு மற்ற வகைகளை அது எதிர்க்கவில்லை. கென்யத் தாயின் ரத்தநீர் கண்டம் தாண்டிய ஒட்டுண்ணியையும் தடுத்ததை நினைத்தால் இது ஏமாற்றமே. கொலம்பியாவில் ஒருபோதும் கருவுற முடியாத ஆண்களின் ரத்தத்திலேயே இந்தப் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் காணப்பட்டிருப்பதும், அது வைவாக்ஸ் ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பதும், நாம் எண்ணியதைவிட இந்தப் பாடத்துக்கு வேறு வாசல்களும் உண்டு என்று காட்டுகின்றன.

நடைமுறையில் காலக்கணக்கு எல்லாவற்றையும்விட இடிக்கிறது. தலைச்சூலியிடம் தொற்று உச்சம் தொடுவது 13 முதல் 16ஆம் வாரத்தில். தடுப்பு மருந்தின் முதல் வேளையை அதற்கு முன் தர முடியாது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் முதல்முறை கருவுறுபவர்களில் பதின்வயதினர் நிறைய. கர்ப்பத்தை வெளியே சொல்லத் தயங்கி நான்கைந்து மாதம் கழித்தே மருத்துவமனைக்கு வருபவர்களும் அவர்களே. மூன்று வேளை மருந்தும் பெறுபவர்கள் பாதிக்கும் குறைவு. எனவே எந்தத் தடுப்பூசி வந்தாலும் அதை முதல் கர்ப்பத்துக்கு முன்பே போட வேண்டியிருக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஊசியை 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் பள்ளியிலேயே போடும் ஏற்பாடு பல நாடுகளில் இருப்பதால், அந்த வழியிலேயே இதையும் கொண்டுபோகலாம் என்ற பேச்சு இருக்கிறது. அதற்கு முன் ஆய்வுக்கூடங்கள் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி: மூன்றாவது, நான்காவது கர்ப்பம் கண்ட தாயின் எதிர்ப்பொருள்கள் அந்த நீண்ட புரதத்தின் எந்தெந்த மூலையைப் பிடித்துக்கொண்டு எல்லா நாட்டு ஒட்டுண்ணிகளையும் ஒட்டவிடாமல் தடுக்கின்றன என்பது.